ஒற்றைக் கண்ணுக்குப் பிடிபடாத சூரிய வெடிப்பு

மதுரைக்குள் இருந்து பார்ப்பவருக்கு யானைமலை, படுத்திருக்கும் யானை. ஒத்தக்கடைப் பக்கம் போய் மலையைச் சுற்றிக்கொண்டே பார்த்தால் அந்த யானை கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்துபோகும். ஓரிடத்தில் செங்குத்துப் பாறை, இன்னோர் இடத்தில் சரிந்து கிடக்கும் மேடு. மலை அப்படியேதான் இருக்கிறது, நாம் நிற்கும் இடம்தான் மாறுகிறது. நகருக்குள் இருந்து எடுத்த ஒரே ஒரு புகைப்படத்தைக் கொடுத்து, இந்த மலை எவ்வளவு அகலம், பின்பக்கம் எப்படிச் சரிகிறது என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது.

சூரியனில் இருந்து கிளம்பும் பெரிய வெடிப்புகளை 2006 வரை வானியலாளர்கள் பார்த்ததெல்லாம் இப்படி ஒரு பக்கத்தில் நின்றுதான். கருவிகள் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் எல்லாமே பூமியிலோ பூமிக்குப் பக்கத்திலோ இருந்தன. வெடித்துக் கிளம்பியது நம் மேல் வருகிறதா, நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகிறதா என்ற அடிப்படைக் கேள்விக்குக்கூட படத்தை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாத காலம் அது.

எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிவிடுவோம். சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனாவில் காந்தப்புலம் முறுக்கேறிக் கிடக்கும். அது சட்டென்று அறுந்து வேறு விதமாக இணையும்போது, அங்கே இருந்த பிளாஸ்மா (மின்னூட்டம் பெற்ற வாயு) காந்தப்புலத்தோடு சேர்ந்து வெளியே தூக்கி எறியப்படுகிறது. கொரோனா நிறை வெளியேற்றம் என்று இதைச் சொல்கிறார்கள், சுருக்கமாக சி.எம்.இ. ஒரு பெரிய சி.எம்.இ.யில் நூறு கோடி டன் அளவுக்கும் அதற்கு மேலும் பொருள் இருக்கும். வேகம் நொடிக்கு சில நூறு கிலோமீட்டரில் தொடங்கி 3,000 கிலோமீட்டர் வரை போகும். சூரியனுக்கும் நமக்கும் 15 கோடி கிலோமீட்டர். மிக வேகமானது ஒரு நாளுக்குள் வந்து சேரும், மெதுவானதுக்கு நான்கைந்து நாள் ஆகும்.

வந்தால் என்ன ஆகும்? 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக் மாகாணத்தில் மின்கட்டமைப்பு முழுதும் சரிந்து, சுமார் ஒன்பது மணி நேரம் இருட்டு. 2022 பிப்ரவரியில் ஸ்டார்லிங்க் நிறுவனம் அப்போதுதான் ஏவியிருந்த 49 செயற்கைக்கோள்களில் பெரும்பாலானவை வளிமண்டலத்தில் விழுந்து எரிந்தன. அது பெரிய புயல்கூட இல்லை. சூடேறி உப்பிய மேல் வளிமண்டலத்தின் இழுவை கூடிப்போனதே காரணம்.

மதுரையில் மின்சாரம் போனால் பழியைச் சூரியன் மேல் போட முடியாது. மின்கம்பிகளுக்கு வரும் ஆபத்து துருவங்களுக்கு அருகே இருக்கும் நாடுகளுக்குத்தான் அதிகம். ஆனால் தென் தமிழகத்துக்கு வேறொரு தனித்தன்மை உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு இந்தப் பகுதிக்கு மிக அருகில் போகிறது. அதை ஒட்டி, சுமார் நூறு கிலோமீட்டர் உயரத்தில் பகல் நேரத்தில் ஒரு வலுவான மின்னோட்டம் ஓடுகிறது. இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் திருநெல்வேலிக்குப் பக்கத்தில் ஆய்வகம் வைத்திருப்பது அதனால்தான். சூரியப் புயல் வரும்போது இந்த மின்னோட்டமும் அது ஓடும் மின்னூட்டக் காற்றடுக்கான அயனி மண்டலமும் குழம்பும், ஜி.பி.எஸ். சிக்னல் தடுமாறும். கைப்பேசியில் வழி பார்ப்பவருக்கு அது தெரியாமலே போகலாம். சென்டிமீட்டர் கணக்கில் நிலம் அளக்கும் சர்வேயருக்குத் தெரியும்.

எனவே எப்போது வரும், எவ்வளவு வேகத்தில் வரும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். அதற்கு முதலில் சி.எம்.இ.யைப் பார்க்க வேண்டும். அதுவே லேசில் முடிகிற காரியம் இல்லை.

2019 டிசம்பர் 26 காலையில் திண்டுக்கல், புதுக்கோட்டை வட்டாரத்தில் வளையச் சூரிய கிரகணம் தெரிந்தது பலருக்கு நினைவிருக்கும். சூரியனின் பெரும்பகுதியை நிலவு மறைத்தும் கொரோனா தெரியவில்லை. மிச்சமிருந்த மெல்லிய வளையமே அதை மூழ்கடித்துவிட்டது. சூரிய வட்டின் ஒளியில் ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் கொரோனாவின் ஒளி. வட்டை ஒரு பொட்டு விடாமல் மறைத்தால்தான் அது கண்ணில் படும். தொலைநோக்கிக்குள் ஒரு தகட்டை வைத்து இந்த மறைப்பைச் செயற்கையாகச் செய்யும் கருவிக்குப் பெயர் கொரோனாகிராஃப். 1971 டிசம்பரில் ஓ.எஸ்.ஓ-7 என்ற செயற்கைக்கோளில் இருந்த கொரோனாகிராஃப்தான் முதன்முதலில் சி.எம்.இ. ஒன்றைத் தெளிவாகப் பிடித்தது. 1995-இல் ஏவப்பட்ட சோஹோ விண்கலம் அதற்குப் பிறகு ஆயிரக்கணக்கில் பிடித்துத் தள்ளியது.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. கொரோனாகிராஃப் படத்தில் தெரிவது சுவரில் விழும் நிழல் மாதிரிதான்: முப்பரிமாணத்தில் இருக்கும் ஒன்றைத் தட்டையாக்கிக் காட்டுகிறது. சூரியனின் ஓரத்தில் இருந்து பக்கவாட்டில் கிளம்பினால் உண்மையான வேகம் படத்தில் தெரியும். சாய்ந்து கிளம்பினால் வேகத்தின் ஒரு பகுதிதான் தெரியும். உதாரணமாக, படத்தின் தளத்தில் இருந்து 60 டிகிரி நம் பக்கம் சாய்ந்து, நொடிக்கு 1,000 கிலோமீட்டரில் வருகிற ஒன்று, படத்தில் 500 கிலோமீட்டராகத் தெரியும். 500 என்று வைத்துக் கணக்குப் போட்டால் மூன்றரை நாள் கழித்து வரும் என்போம். 1,000 என்றால் இரண்டு நாளுக்குள். எச்சரிக்கை கொடுக்கும் முன்பே வந்து நிற்கும்.

நேராக நம்மை நோக்கி வருவது இன்னும் மோசம். அது சூரியனைச் சுற்றி ஒளிவட்டம்போல் எல்லாப் பக்கமும் விரிந்து தெரியும். சூரியனுக்குப் பின்பக்கம் நேர் எதிர்த் திசையில் கிளம்பினாலும் அதே ஒளிவட்டம்தான் தெரியும்! நமக்கு மிக ஆபத்தானதும் ஆபத்தே இல்லாததும் படத்தில் ஒன்றுபோல இருந்தன. சூரியனின் முன்பக்கத்தில் அதே நேரத்தில் ஏதாவது வெடித்த தடயம் இருக்கிறதா என்று தேடித்தான் எந்தப் பக்கம் என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது.

ஓரிடத்தில் நின்றுகொண்டே மூன்றாவது திசையைப் பிடிக்க வழியே இல்லையா? உண்டு. அதை நமக்குப் பக்கத்திலேயே செய்து காட்டியிருக்கிறார்கள்.

மதுரையில் இருந்து வத்தலக்குண்டு வழியாக மலை ஏறினால் கொடைக்கானல். அங்கே சூரிய ஆய்வகம் 1899-இல் நிறுவப்பட்டது. அதன் பின்னணியில் தாது வருஷப் பஞ்சம் இருக்கிறது. 1876-78 பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் செத்த பிறகு, மழை பொய்ப்பதற்கும் சூரியனுக்கும் தொடர்பு உண்டா என்று தெரிந்துகொள்ள சூரியனைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்ற பரிந்துரை வந்தது. மழைக்கணக்கு அந்த வழியில் பிடிபடவில்லை. ஆய்வகம் மட்டும் நிலைத்துவிட்டது.

அங்கே 1907-இல் வேலைக்கு வந்தவர் ஜான் எவர்ஷெட். 1909 ஜனவரியில் ஒரு சூரியப் புள்ளியின் (சூரியப் பரப்பில் கருமையாகத் தெரியும் திட்டு) நிறமாலையை எடுத்துப் பார்த்தபோது, புள்ளியின் விளிம்புப் பகுதியில் கோடுகள் லேசாக இடம் பெயர்ந்திருந்தன. நம்மை நோக்கி வரும் வாயுவின் ஒளி நீலப் பக்கம் நகரும், விலகிப் போவது சிவப்புப் பக்கம் நகரும். இதுதான் டாப்ளர் விளைவு. புள்ளி சூரிய வட்டின் ஓரத்துக்குப் பக்கத்தில் இருக்கும்போது பெயர்ச்சி நன்றாகத் தெரிந்தது, நடுவுக்கு வந்தபோது காணாமல் போனது. அப்படியென்றால் வாயு மேலும் கீழும் போகவில்லை. புள்ளியின் மையத்தில் இருந்து சூரியப் பரப்பை ஒட்டியே வெளிப்பக்கமாக ஓடுகிறது. உலகம் முழுக்க இன்றும் இதற்கு எவர்ஷெட் விளைவு என்றுதான் பெயர்.

இதில் எவர்ஷெட்டுக்கு உதவியது நிறமாலை மட்டும் இல்லை. சூரியன் ஏறத்தாழ 27 நாளுக்கு ஒரு முறை நம் பார்வையில் சுற்றி வருகிறது. புள்ளி பல நாள் உயிரோடு இருக்கும். நாம் இடம் மாற வேண்டியதில்லை. சூரியனே புள்ளியைத் திருப்பித் திருப்பிக் காட்டிவிடும். சி.எம்.இ.யிடம் அந்தச் சலுகை கிடையாது. சில மணி நேரத்தில் சூரியனை விட்டுக் கிளம்பிப் போய்விடும். அது திரும்பும்வரை காத்திருந்து பார்க்க முடியாது. ஒரே நேரத்தில், வெவ்வேறு இடங்களில் கண்கள் இருந்தால்தான் உண்டு.

எவர்ஷெட்டும் அவர் மனைவி மேரியும் சூரியனின் ஓரத்தில் எழும்பும் தீநாக்குகளைப் பற்றிய பல ஆண்டுப் பதிவுகளைத் தொகுத்து 1917-இல் வெளியிட்டார்கள். அவற்றில் சில திடீரென்று மேலே பாய்ந்து மறைந்துவிடும். அப்படிப் பாய்வது பல நேரம் ஒரு சி.எம்.இ.யின் உட்கரு என்பது அரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்துத்தான் தெரிந்தது. கொடைக்கானலின் புகைப்படக் கண்ணாடித் தகடுகளில் நடுப்பகுதி பதிவாகியிருக்கிறது; சுற்றியிருந்த பெரிய உடலைப் பார்க்கும் கருவி அன்று எங்குமே இல்லை.

சரி, வெவ்வேறு இடங்களில் கண்களை வைப்பது எப்படி? 2006 அக்டோபர் இறுதியில் நாசா ஸ்டீரியோ என்ற பெயரில் கிட்டத்தட்ட ஒரே மாதிரியான இரண்டு விண்கலங்களை ஒரே ராக்கெட்டில் ஏவியது. நிலவின் ஈர்ப்பைப் பயன்படுத்தி இரண்டையும் பிரித்தார்கள். ஸ்டீரியோ-ஏ பூமியின் பாதைக்குச் சற்று உள்ளே போனது. உள்வட்டத்தில் வேகம் கூடுதல் என்பதால் அது பூமியை முந்திக்கொண்டே போகும். ஸ்டீரியோ-பி சற்று வெளியே போனது. அது பின்தங்கிக்கொண்டே வரும். ஆண்டுக்குச் சுமார் 22 டிகிரி வீதம் இரண்டும் பூமியை விட்டு எதிரெதிர்ப் பக்கமாக விலகின. எரிபொருளை எரித்து நகர்த்த வேண்டிய வேலையே இல்லை. கோள்களின் கணக்கையே வண்டியாக்கிக்கொண்ட இந்தத் திட்டம் எனக்கு இன்றும் வியப்புதான்.

2011 பிப்ரவரி 6 அன்று இரண்டும் சூரியனுக்கு நேர் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்றன. மனித வரலாற்றில் முதல் முறையாகச் சூரியனின் முழு உருண்டையும் ஒரே நேரத்தில் பார்வைக்குக் கிடைத்தது.

இரண்டு படம் கிடைத்தால் உருவம் தானாக வந்துவிடும் என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. யானைமலை பாறை. அதன் விளிம்பு என்பது ஒரு திடமான இடம். இரண்டு பக்கம் நின்று அதே உச்சியைக் குறிவைத்தால் கோணக் கணக்கில் தூரம் வந்துவிடும். சி.எம்.இ. ஊடுருவித் தெரியும் பிளாஸ்மா. சூரிய ஒளியை அதிலுள்ள எலக்ட்ரான்கள் சிதறடிப்பதால்தான் அது தெரிகிறது. பார்வைக்கோடு போகும் வழி முழுவதிலும் உள்ள எலக்ட்ரான்களின் ஒளி ஒன்றாகக் கூடி ஒரு புள்ளியாகப் படத்தில் பதிகிறது. ஸ்டீரியோ-ஏ பார்க்கும் 'விளிம்பு' ஒரு பொருள், ஸ்டீரியோ-பி பார்க்கும் 'விளிம்பு' வேறொரு பொருளாக இருக்கலாம். இரண்டையும் ஒன்றென்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால் இல்லாத இடத்தில் உச்சி வந்து நிற்கும்.

அதனால் ஆய்வாளர்கள் தலைகீழாக வேலை செய்கிறார்கள். முதலில் ஓர் உருவத்தை வைத்துக்கொள்கிறார்கள்: இரண்டு கால்களும் சூரியனில் ஊன்றி, நடுவில் பருத்து வளைந்த ஒரு குழாய். முறுக்கிய காந்தக் கயிறு அப்படித்தான் இருக்கும் என்பது கோட்பாடு. அந்தக் குழாய்க்கு ஆறு எண்கள்: எந்தத் தீர்க்கரேகை, எந்த அட்சரேகை, எவ்வளவு சாய்வு, எவ்வளவு உயரம், கால்கள் எவ்வளவு விரிந்திருக்கின்றன, குழாய் எவ்வளவு பருமன். கணினித் திரையில் ஸ்டீரியோ-ஏ, சோஹோ, ஸ்டீரியோ-பி படங்கள் மூன்றும் வரிசையாக இருக்கும். மூன்றின் மேலும் அந்தக் குழாய் கம்பிவலையாகத் தெரியும். ஓர் எண்ணை மாற்றினால் மூன்று படத்திலும் வலை ஒரே நேரத்தில் நகரும். ஒரு படத்தில் கச்சிதமாகப் பொருந்திய வலை பக்கத்துப் படத்தில் முழுதும் பிசகி நிற்கும். மூன்றிலும் பொருந்தும்வரை எண்களைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். பொருந்திவிட்டால் திசையும் உண்மையான வேகமும் கையில். இதையே அடுத்தடுத்த படங்களுக்கும் செய்தால் அது எப்படி விரிகிறது, எப்படித் திரும்புகிறது என்பதும் தெரியும். பொருந்தியதா இல்லையா என்று முடிவு செய்வது மனிதக் கண் என்பதால் ஒரே வெடிப்புக்கு இரண்டு பேர் இரண்டு விடை சொல்வதும் நடக்கும்.

இந்த வேலையில் கிடைத்த முக்கியமான செய்தி, சி.எம்.இ. நேர்கோட்டில் போவதில்லை என்பது. 2008 டிசம்பர் 12 அன்று கிளம்பிய ஒன்றை டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் சூரியனில் இருந்து பூமி வரைக்கும் முப்பரிமாணத்தில் பின்தொடர்ந்து, 2010-இல் வெளியிட்டார்கள். சூரியனின் உயர் அட்சரேகையில் கிளம்பிய அது, போகப்போக நடுக்கோட்டுப் பக்கம் வளைந்து பூமிக்கு வந்து சேர்ந்தது. கிளம்பிய இடத்தை மட்டும் பார்த்து, இது நமக்கு மேலே போய்விடும் என்று சொல்லியிருந்தால் தவறாகியிருக்கும். கூடவே, சூரியனில் இருந்து எப்போதும் வீசிக்கொண்டிருக்கும் துகள் ஓட்டமான சூரியக் காற்று அதன் வேகத்தை இழுத்துப் பிடிப்பதும் அளவாகத் தெரிந்தது. சூரியக் காற்றைவிட வேகமாகக் கிளம்புவது வழியில் வேகம் குறையும், மெதுவாகக் கிளம்புவது இழுத்துச் செல்லப்படும்.

இவ்வளவு தூரம் பின்தொடர முடிந்ததற்குக் காரணம், ஸ்டீரியோவில் இருந்த அகலப் பார்வைக் கேமராக்கள். சூரியனை விட்டுத் தள்ளி, சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே உள்ள வெளியைப் பக்கவாட்டில் இருந்து படம் எடுப்பவை அவை. அந்தப் படங்களில் பூமியே ஒரு பிரகாசமான புள்ளியாகத் தெரியும். அதை நோக்கி ஒரு மங்கலான அலை வந்து சேருவதைப் பார்க்கலாம்.

2012 ஜூலை 23-ஐத் தனியாகச் சொல்ல வேண்டும். 11520 என்று எண்ணிட்ட கரும்புள்ளிக் கூட்டம் அந்த மாதத்தின் நடுவில் பூமியைப் பார்த்தபடி இருந்தது. சூரியன் சுழன்று அது நம் பார்வையை விட்டு மறைந்த பிறகு, பின்பக்கத்தில் மிகப் பெரிதாக வெடித்தது. சில நிமிட இடைவெளியில் அடுத்தடுத்து இரண்டு வெடிப்புகள். நான்கு நாள் முன்பு போன இன்னொன்று வழியில் இருந்த சூரியக் காற்றை ஏற்கனவே துடைத்து வைத்திருந்ததால் வேகம் அதிகம் குறையவில்லை. சுமார் 19 மணி நேரத்தில் அது பூமியின் சுற்றுப்பாதைத் தொலைவை எட்டியது. அந்த இடத்தில் நின்றிருந்தது ஸ்டீரியோ-ஏ. மோதலைத் தாங்கி நின்று, நொடிக்கு 2,000 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தையும் 100 நானோடெஸ்லாவைத் தாண்டிய காந்தப்புலத்தையும் அளந்து அனுப்பியது. ஒரு பக்கம் சோஹோ, இன்னொரு பக்கம் ஸ்டீரியோ-பி, எதிரே ஸ்டீரியோ-ஏ என்று மூன்று கோணத்திலும் படம் இருந்தது. 1859 செப்டம்பரில் தந்திக் கம்பிகளில் தீப்பொறி பறக்கவைத்த கேரிங்டன் புயல் 17 மணி நேரம் சொச்சத்தில் வந்தது. அதற்குச் சமமாக வைத்துப் பேசக்கூடிய ஒன்று ஒரு வாரம், பத்து நாள் முன்னால் வெடித்திருந்தால் நம் மேல் விழுந்திருக்கும்.

அடுத்த இரண்டு ஆண்டில் ஒரு கண் போய்விட்டது. 2014 அக்டோபர் 1 அன்று ஒரு சோதனைக்காக மறுதொடக்கம் செய்தபோது ஸ்டீரியோ-பியின் தொடர்பு அறுந்தது. 2016 ஆகஸ்டில் கொஞ்ச நாள் கிடைத்து மீண்டும் மறைந்தது. 2018-இல் தேடுவதை நிறுத்தினார்கள். ஸ்டீரியோ-ஏ மட்டும் சூரியனைப் பூமியைவிட ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றி முடித்து 2023 ஆகஸ்டில் பூமிக்கு முன்னால் கடந்துபோனது.

2024 மே 10-இல் இருபது ஆண்டில் இல்லாத காந்தப்புயல் வந்தது. லடாக்கின் ஹான்லேயில்கூட வானம் சிவந்தது. அடுத்தடுத்து கிளம்பிய பல சி.எம்.இ.க்கள் வழியில் ஒன்றோடொன்று மோதிச் சேர்ந்து வந்ததால் உண்டானது அது. பக்கப் பார்வை மிகவும் தேவைப்பட்ட நேரம். ஆனால் அப்போது ஸ்டீரியோ-ஏ பூமியில் இருந்து பத்துப் பன்னிரண்டு டிகிரி தள்ளித்தான் இருந்தது; அது பார்த்ததும் ஏறக்குறைய நாம் பார்த்த அதே முகத்தைத்தான்.

இந்தியாவின் சூரிய விண்கலம் ஆதித்யா-எல்1 இருக்கிறதே என்று கேட்கலாம். 2023 செப்டம்பர் 2-இல் ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து கிளம்பி 2024 ஜனவரி 6-இல் தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. (அதன் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர்.) அது நிற்பது பூமியில் இருந்து 15 லட்சம் கிலோமீட்டரில், சூரியனுக்கும் நமக்கும் நடுவே உள்ள கோட்டில். தூரம் பெரிதாகத் தோன்றினாலும் கோணம் நம்முடையதுதான். தனியாக அதனால் பக்கவாட்டில் பார்க்க முடியாது. 2020-இல் ஏவப்பட்ட சோலார் ஆர்பிட்டர், ஸ்டீரியோ-ஏ போன்றவற்றோடு சேரும்போதுதான் அதன் படம் முப்பரிமாணக் கணக்குக்குள் வரும்.

ஒற்றைப் பார்வையில் ஆழத்தைப் பிடிக்க இன்னொரு வழி தளவிளைவு, அதாவது ஒளி அலை எல்லாத் திசையிலும் அதிராமல் ஒரே தளத்தில் அதிர்வது. எலக்ட்ரான் சிதறடிக்கும் ஒளி எவ்வளவு தளவிளைவுக்கு உள்ளாகிறது என்பது சிதறும் கோணத்தைப் பொறுத்தது. அதை அளந்தால் பிளாஸ்மா படத்தின் தளத்தில் இருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று சொல்லலாம். ஆனால் முன்னால் தள்ளியா, பின்னால் தள்ளியா என்பதை அது தனியாகச் சொல்லாது. நாசா 2025 மார்ச்சில் ஏவிய பஞ்ச் என்ற நான்கு சிறு செயற்கைக்கோள்கள் இந்த முறையைத்தான் அகன்ற வானப்பரப்பில் செய்கின்றன. நிரந்தரமான பக்கப் பார்வைக்கு ஐரோப்பிய விண்வெளி முகமை விஜில் என்ற கலத்தை 2031-இல் அனுப்பத் திட்டமிட்டிருக்கிறது. பூமிக்கு 60 டிகிரி பின்னால், ஸ்டீரியோ மாதிரி விலகிப் போகாமல் ஓரிடத்திலேயே நிற்கும்.

இவையெல்லாம் சேர்ந்தும், ஒரு சி.எம்.இ. எத்தனை மணிக்கு வரும் என்ற கணிப்பில் சராசரியாகப் பத்து மணி நேரப் பிழை இருக்கிறது. அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. புயல் பலமாக அடிக்குமா என்பதை முடிவு செய்வது, வரும் காந்தப்புலம் தெற்கே பார்த்திருக்கிறதா, வடக்கே பார்த்திருக்கிறதா என்பது. தெற்கே பார்த்தால் பூமியின் காந்தப்புலத்தோடு இணைந்து கதவைத் திறந்துவிடும். வடக்கே என்றால் பெரும்பாலும் வழுக்கிக்கொண்டு போய்விடும். எத்தனை கோணத்தில் படம் எடுத்தாலும் இது படத்தில் தெரியாது. ஆதித்யா நிற்கும் இடத்தை அது கடக்கும்போதுதான் அங்கே உள்ள காந்தமானிகள் சொல்லும். அதற்கும் பூமிக்கும் நடுவே கால் மணி முதல் ஒரு மணி நேரம்தான் இடைவெளி.

அதனால் இப்போது துரத்தல், சி.எம்.இ. கிளம்பும் இடத்துக்கே போயிருக்கிறது. ஆதித்யாவின் கொரோனாகிராஃபைச் செய்தது பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனம். கொடைக்கானல் ஆய்வகத்தை நடத்துவதும் அவர்களே. சூரியனின் விளிம்பை ஒட்டியே பார்க்கும் அந்தக் கருவியில் நிறமாலைமானியும் இருக்கிறது. கொரோனாவில் உள்ள இரும்பு அயனிகளின் கோடுகளை அது பிரித்துப் பார்க்கும். அகச்சிவப்பில் விழும் ஒரு கோட்டின் தளவிளைவைக் கொண்டு, சி.எம்.இ. பிறக்கும் இடத்திலேயே காந்தப்புலத்தை அளப்பதும் அதற்குக் கொடுக்கப்பட்ட வேலைகளில் ஒன்று.